நொடிக்கு 200 மில்லிமீட்டர் ஓடும் ஒளி: ஓடும் வண்டியில் இரண்டு கடிகாரங்களை ஒத்திசைத்த அனுபவம்

இரண்டரை மீட்டர் தண்டவாளம், அதன்மேல் 600 மில்லிமீட்டர் நீள வண்டி, வண்டியின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒன்றோடொன்று கம்பித் தொடர்பே இல்லாத இரண்டு கடிகாரங்கள். வண்டியின் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் கிளம்பும் ஒளி எந்த முனையைத் தொடுகிறதோ, அந்த முனையின் கடிகாரம் சுழியிலிருந்து ஓடத் தொடங்கும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் கணக்கில் இரண்டு கடிகாரங்களும் ஒத்திசைந்தவை. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி, நடைமேடையில் நிற்பவரின் கணக்கிலோ பின்கடிகாரம் 2.25 நொடி முன்னால் இருக்க வேண்டும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிய இந்த அமைப்பில் அந்த எண் கடைசியாக 2.2க்கும் 2.3க்கும் இடையில் வந்து நிலைத்துவிட்டது என்பதால், எதை எப்படிச் செய்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

உண்மையான ரயிலில் இதை அளக்க முடியாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். இங்கிருந்து பட்டர்வொர்த்துக்குப் போகும் இடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, 100 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கடிகாரங்களுக்கு இடையே நடைமேடைக்காரர் காணும் வேறுபாடு சுமார் 43 ஃபெம்டோ நொடிதான், அதாவது ஒரு நொடியைக் கோடி கோடியாகக் கூறுபோட்டால் அதில் 4 பங்குக்குச் சற்று மேல். ஆகவே ரயிலை வேகப்படுத்துவதற்குப் பதிலாக ஒளியை மெதுவாக்குவது என்று முடிவு செய்தேன். எல்இடி பட்டையில் ஒரு விளக்கு அணைந்து அடுத்தது எரிவதாக ஓடும் வெளிச்சப் புள்ளிதான் இந்த மாதிரியின் ஒளி. அதன் வேகம் நொடிக்கு 200 மில்லிமீட்டர்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நேரம் செலவிட்டது பின்னால் பெரிய வசதியாக அமைந்தது. வண்டியின் வேகம் நொடிக்கு 120 மில்லிமீட்டர், அதாவது ஒளிவேகத்தில் 0.6 பங்கு. ஓடும் பொருளின் நீளம் சுருங்கும், அதிலுள்ள கடிகாரம் மெதுவாகும் என்கிறது சார்பியல்; இந்த வேகத்தில் இரண்டும் 0.8 என்ற சுத்தமான எண்ணாக வருகின்றன. வண்டி தன் கணக்கில் 750 மில்லிமீட்டர், நடைமேடையின் கணக்கில் 600. நடுவிலிருந்து கிளம்பும் ஒளியைப் பின்முனை எதிர்கொண்டு வருவதால் 300 மில்லிமீட்டரை நொடிக்கு 320 வீதம் கடந்து 0.94 நொடியில் சந்திக்கும். முன்முனையோ விலகி ஓடுவதால் ஒளி நொடிக்கு 80 வீதமே நெருங்கி, 3.75 நொடியில்தான் பிடிக்கும். இடைவெளி 2.81 நொடி. அந்த நேரத்தில் மெதுவாக ஓடும் பின்கடிகாரம் 2.25 நொடியைத்தான் எண்ணியிருக்கும். வேகத்தை வண்டியின் சொந்தக் கணக்கு நீளமான 750ஆல் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பாடநூல் விடையும் அதே 2.25தான்.

தண்டவாளத்துக்கு 20க்கு 20 மில்லிமீட்டர் அலுமினியச் சட்டம், ஒன்றேகால் மீட்டர் துண்டுகளாக வாங்கி இணைத்தேன். இணைப்பில் அரை மில்லிமீட்டர் படி இருந்தாலும் வண்டி அங்கே ஒரு குலுக்குக் குலுக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்ததைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, மட்டம் மட்டும் பாத்தா போதாது. ரெண்டு முனையிலயும் நூல இழுத்துக் கட்டு, நடுவுல எவ்வளவு விலகுதுன்னு பாரு” என்றார். மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டிப் பார்த்தபோது சட்டம் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் வளைந்திருந்தது. அடியில் ஒட்டுப்பலகை ஒன்றைக் கொடுத்துத் திருகியபின் நேரானது.

வண்டியை இழுப்பது நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி என்று சுழல்வது), 20 பல் கப்பி, ஜிடி2 என்ற பல் பெல்ட். ஒரு சுற்றுக்குப் பெல்ட் 40 மில்லிமீட்டர் நகரும். ஆகவே நொடிக்கு மூன்று சுற்று ஓடினால் 120 மில்லிமீட்டர் துல்லியமாகக் கிடைக்கும். மோட்டாரையும் எல்இடி பட்டையையும் இஎஸ்பி32 என்ற நிரலேற்றக்கூடிய சிறு கணினிப் பலகை ஒன்றிலிருந்தே ஓட்டும் எண்ணம் நீடிக்கவில்லை. மீட்டருக்கு 144 விளக்கு வீதம் பட்டையில் மொத்தம் 360 விளக்குகள். டபிள்யூஎஸ்2812பி வகையில் ஒரு விளக்குக்குத் தகவல் அனுப்ப 30 மைக்ரோ நொடி ஆவதால், முழுப் பட்டையையும் ஒரு முறை புதுப்பிக்க ஏறத்தாழ 11 மில்லி நொடி தேவை. அந்த 11 மில்லி நொடியும் மோட்டாருக்குப் போகவேண்டிய துடிப்புகள் நின்றுவிடுவதால், மோட்டார் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உறுமிக்கொண்டு படிகளைத் தவறவிட்டது. மோட்டாருக்கென்று தனிப் பலகை வைத்தவுடன் உறுமல் நின்றது. 25 ரிங்கிட் கூடுதல் செலவு, ஆனால் நிரலில் மல்லுக்கட்டுவதைவிட மலிவு.

பட்டைகள் ஒரு மீட்டர் துண்டுகளாகத்தான் கிடைத்தன. ஈயம் வைத்து இணைத்த இடங்களில் விளக்குகளுக்கு இடையிலான தூரம் வழக்கமான 6.94 மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை விலகியிருந்தது. எத்தனையாவது விளக்கு என்பதை வைத்து ஒளியின் இடத்தைக் கணிக்காமல், ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் டிஜிட்டல் காலிப்பரால் அளந்து நிரலில் அட்டவணையாகக் கொடுத்தேன். மின்வழங்கிக்கு அருகில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, தகவல் கம்பியில் 330 ஓம் மின்தடை, 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்த 74ஏஎச்சிடி125 சில்லு ஆகியவை வழக்கமானவை. இவற்றைத் தவிர்த்தால் முதல் விளக்கு தன் விருப்பம்போல் நிறம் மாற்றும்.

அதிக நேரம் எடுத்தது உணரிகள்தான். வண்டியின் அடியில், பட்டையிலிருந்து 8 மில்லிமீட்டர் உயரத்தில், இரு முனைகளிலும் ஒவ்வோர் ஒளியுணரி. கையிலிருந்த எல்டிஆரை (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரி) முதலில் பொருத்தினேன்; அது வெளிச்சத்துக்கு மெல்ல எழுந்து அதைவிட மெல்ல அடங்குவது, மில்லி நொடிகளைப் பார்க்கும் வேலைக்கு ஒத்துவரவில்லை. வேகமாக எழுந்து அடங்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் என்ற ஒளியுணரிக்கு மாறியதும் பின்கடிகாரம் சரியான நேரத்தில் கிளம்பியது. முன்கடிகாரம் மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு முன்பின்னாக அலைந்தது. உணரி பழுது என்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றினேன். அப்போதும் அலைந்தது முன்பக்கம்தான்.

காரணம் மேலே சொன்ன எண்களிலேயே இருந்தது. பின்முனையில் ஒளி நொடிக்கு 320 மில்லிமீட்டர் வீதம் நெருங்குவதால், உணரி ஒளியைப் பார்க்கும் இடத்தில் 7 மில்லிமீட்டர் ஐயம் இருந்தாலும் அது 22 மில்லி நொடிப் பிழைதான். முன்முனையில் நெருங்கும் வேகம் 80 மட்டுமே; அதே 7 மில்லிமீட்டர் அங்கே 87 மில்லி நொடியாகிறது. எனவே முன் உணரியின் பார்வையைக் குறுக்கவேண்டியிருந்தது: சுடுகாற்றில் சுருங்கும் கறுப்புக் குழாயை மாட்டி, அதன் வாயில் 2 மில்லிமீட்டர் பிளவு வெட்டிய கறுப்பு அட்டையை ஒட்டினேன். ஆனால் பிளவு குறுகியதும் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. விளக்குக்கு விளக்கு தாவும் ஒளி சில ஓட்டங்களில் பிளவைத் தாண்டிக் குதித்துவிட, முன்கடிகாரம் ஓடவே இல்லை. ஒற்றை விளக்குக்குப் பதில் நான்கு விளக்குகளைத் தொடர்ந்து எரியவிட்டு, முன்விளிம்பைத்தான் ஒளி எனக் கொள்வது என்று மாற்றியபின் எதுவும் தப்பவில்லை. விளக்குகளின் ஒளிர்வையும் முழு அளவிலேயே வைக்க வேண்டும். குறைத்தால் அவை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதை உணரி பார்த்துவிடுகிறது.

ஒளி எங்கிருந்து கிளம்பவேண்டும் என்பதைத் தண்டவாள ஓரத்தில் நின்ற பிளவு உணரி ஒன்று தீர்மானித்தது. வண்டியின் நடுவில் ஒட்டிய தகரத் துண்டு அதன் பிளவைக் கடக்கும் கணத்தில், அதே இடத்திலிருந்து இருபுறமும் ஒளி கிளம்பும். கடிகாரங்கள் சிறிய இஎஸ்பி32 பலகைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கக் காட்டியும் தனி பவர் பேங்கும் உண்டு. நிரலில் ஓடிய நேரத்தை 0.8 ஆல் பெருக்கிக் காட்டும்படி செய்தேன். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டும் அளவுகோலுக்கு எளிய வழி இருந்தது: 750 மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றை வரைந்து, நகல் கடையில் 80 விழுக்காட்டுக்குக் குறைத்து எடுத்தால் 600 மில்லிமீட்டரில் 750 கோடுகள் வந்துவிடும்.

இரண்டு காட்டிகளையும் ஒரே சட்டகத்தில் கைப்பேசியில் படம்பிடித்து, பிறகு நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கைப்பேசி உண்மையான ஒளியில் பார்ப்பதால், 200 மில்லிமீட்டர் உலகத்துக்கு அது நடைமேடைக்காரரின் உடனடிப் பார்வை. பின்கடிகாரம் 2.2 முதல் 2.3 நொடி வரை முந்தியிருந்தது.

இதைச் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு ஓட்டிக் காட்டியபோது ஒருவன், “சார், அப்போ பின்னால உள்ள கடிகாரம் வேகமா ஓடுதா?” என்று கேட்டான். கேட்கவேண்டிய கேள்வி அது. பலருக்குச் சார்பியல் இந்த இடத்தில்தான் குழம்புகிறது. உடனிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் எனக்கு முன்பாகவே பதில் சொல்லிவிட்டார்: 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி சபா, சரவாக் நேரத்தோடு இணைத்தார்கள். அன்று முதல் கடிகாரம் எல்லாம் முன்பைவிட அரை மணி கூடக் காட்டியதே தவிர, எந்தக் கடிகாரமும் வேகமாக ஓடவில்லை. வண்டியின் இரு கடிகாரங்களும் அப்படியே: இரண்டும் ஒரே வீதத்தில்தான் ஓடுகின்றன, ஒன்று முந்தித் தொடங்கியது.

இதன்பின் செய்த சோதனைகள்தான் இத்தனை வேலைக்கும் உரிய பலன். ஒத்திசைத்தபின் பின்முனையிலிருந்து முன்முனைக்கு ஓர் ஒளியை அனுப்பினால், நடைமேடையின் கணக்கில் அது 600ஐ 80 வீதம் நெருங்கி 7.5 நொடி எடுக்கும். வண்டியின் கடிகாரம் அதை 6 நொடியாக எண்ணும், முன்கடிகாரம் 2.25 பின்தங்கியிருப்பதால் வாசிப்புகளின் வேறுபாடு 3.75. எதிர்த்திசையில் 1.875 நொடி, வண்டிக் கணக்கில் 1.5, இப்போது பின்கடிகாரத்தின் முந்தலைக் கூட்டினால் மறுபடியும் 3.75. வண்டியின் அளவுகோலில் 750ஐ 3.75 ஆல் வகுத்தால் இரு திசையிலும் 200. அளந்தபோது எல்லா ஓட்டங்களிலும் 3.7 முதல் 3.85 வரை வந்தது.

அடுத்ததாக, 0.8 பெருக்கலை நிரலிலிருந்து வேண்டுமென்றே நீக்கி ஓட்டினேன். இப்போது பின்கடிகாரத்தின் முந்தல் 2.81, ஒளி போக 4.69, வர 4.69. மெதுவாக ஓடும் விதியே இல்லாதபோதும் இரு திசையும் சமமாகவே வந்தன. அப்படி வராமல் இருக்க முடியாது. 1905இல் ஐன்ஸ்டைன் தம் கட்டுரையில் ஒத்திசைவை வரையறுத்ததே, ஒளி போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான். சமத்துவம் நாம் உள்ளே வைத்தது, வெளியே வருவதில் வியப்பில்லை. ஆனால் வேகம் 160 என வந்துவிட்டது, 200 அல்ல. சமத்துவத்தை ஒத்திசைவு தருகிறது. சரியான 200ஐத் தர நீளச் சுருக்கமும் மெதுவான ஓட்டமும் தேவைப்படுகின்றன. எது வரையறை, எது இயற்கையின் பங்கு என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பிரித்துப் பார்த்ததில்லை.

0.8ஐத் திரும்ப வைத்து, மூன்றாவதாக ஒரு வேலை. ஒளியால் ஒத்திசைக்காமல், நடைமேடையின் ஒரே பொத்தானால் வண்டியின் இரு கடிகாரங்களையும் ஒரே நேரத்தில் கிளப்பினேன். போக 6, வர 1.5, வண்டிக்காரருக்கு ஒளி முன்னோக்கி 125 வேகத்திலும் பின்னோக்கி 500 வேகத்திலும் ஓடுகிறது. சராசரி எடுத்தால் அதே 3.75 நொடி.

கடைசிச் சோதனைக்குத் தண்டவாள ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் நடைமேடைக் கடிகாரம் ஒன்றை மாட்டினேன். வண்டியின் முன்முனை கம்பத்தைக் கடப்பதிலிருந்து பின்முனை கடப்பது வரை கம்பக் கடிகாரம் 5 நொடி ஓடுகிறது. வண்டியின் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் அதற்குள் 4 நொடிதான் ஓடின. ஆனால் வண்டிக்காரர் கம்பம் வந்த நேரத்தை முன்கடிகாரத்திலும் போன நேரத்தைப் பின்கடிகாரத்திலும் வாசிக்கிறார். ஒளியால் ஒத்திசைத்த நிலையில் வேறுபாடு 6.25. ஆகவே அவருடைய கணக்கில் 6.25 நொடிக்குள் கம்பக் கடிகாரம் 5 நொடிதான் ஓடியது: மெதுவாக ஓடுவது நடைமேடைக் கடிகாரம், அதுவும் சரியாக 0.8 பங்கு. கம்பக் கடிகாரத்தை மெதுவாக்கும் ஒரு வரிகூட நிரலில் இல்லை. பொத்தானால் கிளப்பிய நிலையில் இதே சோதனை 4க்கு 5 என்று வந்து, நடைமேடைக் கடிகாரம் வேகமாக ஓடுவதாகக் காட்டியது. இரு தரப்பும் மற்றவர் கடிகாரத்தையே மெதுவானது என்று சொல்வது முரண்பாடாகத் தோன்றுவதெல்லாம், ஒப்பிடுவதற்கு ஒரு தரப்பில் எப்போதும் இரண்டு கடிகாரங்கள் வேண்டியிருக்கின்றன என்பதையும், அந்த இரண்டும் யார் கணக்கில் ஒத்திசைந்தவை என்பதையும் மறப்பதால்தான்.

இந்த மாதிரியின் ஒரு குறையை மறைக்கக்கூடாது. இங்கே ஒளி பட்டையில் ஓடுகிறது, பட்டை தண்டவாளத்தோடு ஒட்டியிருக்கிறது. எனவே யார் உண்மையில் ஓய்வில் இருக்கிறார் என்பது கட்டியவனுக்குத் தெரியும். இது ஐன்ஸ்டைனுக்கு முந்தைய டச்சு இயற்பியலாளர் லோரென்ட்ஸின் ஈதர் உலகம்; ஒளியைச் சுமந்து செல்வதாக அன்று கருதப்பட்ட ஊடகம்தான் ஈதர். 1895இல் அவர் எழுதிய ‘உள்ளூர் நேரம்’ என்பதில் இடத்தைச் சார்ந்த இதே திருத்தம் கணித வசதிக்காக வருகிறது. 1900இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே அதை, ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஒளிக்குறிப்பால் கடிகாரங்களை ஒத்திசைத்தால் கிடைக்கும் நேரம் என்று விளக்கினார். வண்டிக்குள் இருந்துகொண்டு அந்தப் பட்டையைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதைத்தான் கம்பச் சோதனை காட்டியது. கண்டுபிடிக்கவே முடியாத பட்டையை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்டவர் ஐன்ஸ்டைன்.

செலவு: பட்டை மூன்று மீட்டர் 120 ரிங்கிட், அலுமினியச் சட்டமும் சக்கரங்களும் 95, மோட்டார், அதை இயக்கும் டிரைவர் பலகை, பெல்ட், கப்பிகள் சேர்த்து 80, இஎஸ்பி32 பலகைகள் நான்கு 100, காட்டிகள் மூன்று 24, இரண்டு மின்வழங்கிகள் 65, உணரிகளும் சில்லறையும் 30. மொத்தம் 514 ரிங்கிட். பவர் பேங்குகள் வீட்டில் இருந்தவை. பெரும்பாலானவற்றைப் புடு, ஜாலான் பாசார் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கினேன். பட்டையை அப்படி வாங்குவதே நல்லது, கடையிலேயே ஐந்து வோல்ட் கொடுத்து எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

மீண்டும் கட்டினால் வண்டியின் வேகத்தை 0.6க்குப் பதில் 0.5 ஆக்கமாட்டேன்; ஆக்கினால் முன்முனைப் பிழை குறையும், ஆனால் எண்கள் முடிவில்லாத் தசமங்களாகி மாணவர்கள் மனக்கணக்காகச் சரிபார்க்க முடியாமல் போகும். பதிலாக ஒளியையும் வண்டியையும் சேர்த்து ஒன்றரை மடங்கு வேகப்படுத்துவேன். விகிதம் மாறாது, நெருங்கும் வேகம் 80லிருந்து 120 ஆகும், ஓர் ஓட்டமும் விரைவில் முடியும், முந்தல் 1.5 நொடியாகக் குறைவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. நடைமேடையில் ஒரு கம்பத்துக்குப் பதில், 937.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நடவேண்டும்: வண்டியின் இரு முனைகளும் தத்தம் சுழி நேரத்தில் நிற்கும் இடங்கள் அவை, நடைமேடையின் அளவுகோலும் சுருங்கியதாக வண்டிக்காரருக்குத் தெரிவதை அங்கே நேரடியாக வாசிக்கலாம். அதற்குமேல், பட்டையை வண்டியின் பக்கம் மாட்டி, 0.8ஐ நடைமேடைக் கடிகாரங்களுக்குக் கொடுத்து, எல்லா வாசிப்புகளும் முன்போலவே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு வண்டியோடு சேர்ந்து நகரும் நீண்ட பட்டையும் அதைவிட நீண்ட படுகையும் தேவை. அத்தனை இடம் எங்கள் கூடத்தில் இல்லை. வகுப்பு நடக்கும் மண்டபத்தில் இருக்கிறது.